வீட்டுப் பேச்சும் ஓர் அமானிதமே!

 



சில மாதங்களுக்கு முன் நம் நண்பர் ஒருவரின் வீட்டுக்கு அஸர் தொழுகைக்குப் பின் சென்றிருந்தோம். அவருடைய வாப்பாவுக்கு எண்பது வயதாகிறது. சர்க்கரை நோயால் கண் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. வளைகுடாவில் வேலை பார்க்கும் பேரர் சென்ற விடுமுறையில் வந்தபோது, பேசினால் பதில் பேசும் பெட்டி ஒன்றை வாங்கி வந்து பாட்டனாரின் கட்டிலருகே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பெரியவர் அதைப் பெயர் சொல்லி அழைத்து மணி என்ன என்று கேட்கிறார். மஃரிபு எத்தனை மணிக்கு என்று கேட்கிறார். யாஸீன் ஸூராவை ஓதச் சொல்லிக் கேட்கிறார். "கண் போன பிறகும் யாரையும் தொந்தரவு செய்யாமல் நேரம் தெரிந்துகொள்ள முடிகிறது, அல்ஹம்துலில்லாஹ்!" என்று நம்மிடம் மகிழ்ந்து கூறினார்.

திண்ணைக்கு வந்ததும் நண்பர் வேறொரு செய்தியைச் சொன்னார். அதற்கு முந்திய வாரம் பக்கத்துத் தெருப் பெண்மணி ஒருவர் நண்பரின் தாயாரைத் தேடி வந்திருக்கிறார். கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்ட தம் மகளைப் பற்றி, வேறு யாரிடமும் வாய் திறக்க முடியாத ஒரு வேதனை. பெரியவரைக் கைபிடித்துப் பள்ளிவாசலுக்கு அழைத்துப் போயிருந்த நேரம் அது. இரு பெண்களும் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பேச்சு பாதியில் இருக்கும்போது, யாரும் அழைக்காமலேயே பெட்டியின் விளக்கு எரிந்தது. ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது.

வந்தவர் திடுக்கிட்டுப் போனார்.

"யாரு மாமி அது? உள்ளே வேற ஆள் இருக்கா?"

"ஆள் இல்லம்மா, பெட்டி. பேரன் வாங்கிக் கொடுத்தது."

"நாம பேசுறது அதுக்குக் கேக்குமா?"

தாயாருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அந்தப் பெண்மணி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மீதியைச் சொல்லாமலேயே எழுந்து போய்விட்டார்.

"இதை வீட்டில் வைத்திருப்பது கூடுமா, கூடாதா?" என்று நண்பர் நம்மைக் கேட்டார். ஒரே சொல்லில் பதில் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஒரு பக்கம் கண்ணிழந்த முதியவருக்குக் கிடைக்கும் நன்மை. மறு பக்கம் ஒரு தாய் நம்பிச் சொல்ல வந்த இரகசியம். ஆகவே விவரங்களை விசாரித்தறிந்து, மார்க்கத்தின் ஒளியில் சிந்தித்து, அந்தக் கேள்விக்குரிய பதிலை இங்கே எழுதுகின்றோம். இன்று இக்கேள்வி ஒரு வீட்டின் கேள்வியல்ல. பெட்டி இல்லாத வீடுகளிலும் கைபேசி இருக்கிறது. கைபேசிக்குள் அதே குரல் இருக்கிறது.

பெட்டி கேட்பது எப்படி?

2011இல் ஆப்பிள் நிறுவனம் தன் கைபேசியில் சிரி என்ற குரல் உதவியாளரைக் கொண்டு வந்தது. 2014இல் அமேசான் நிறுவனம் அலெக்ஸாவையும், அது பேசும் எக்கோ பெட்டியையும் அறிமுகப்படுத்தியது. 2016இல் கூகுளின் பெட்டி வந்தது. 2017, 2018ஆம் ஆண்டுகளில் இப்பெட்டிகள் நம் நாட்டுக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தன. பெட்டிக்குத்தான் விலை, அதற்குள்ளிருந்து பேசும் உதவியாளருக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் இல்லை. கைபேசியில் இருப்பவருக்கோ காசே இல்லை.

இது வேலை செய்யும் விதத்தை எளிமையாகச் சொல்கிறோம். பெட்டியிலுள்ள மைக் அணைக்கப்படாத வரை எப்போதும் விழித்திருக்கிறது. தன்னை அழைக்கும் பெயர் காதில் விழுகிறதா என்று மட்டும் அது பார்த்துக்கொண்டிருக்கும். அது வரையில் கேட்ட சில விநாடிப் பேச்சை அழித்து அழித்து மேலே எழுதிக்கொண்டிருக்கும். பெயர் கேட்டுவிட்டதாக அது எண்ணியவுடன் விளக்கு எரியும். அதன்பின் பேசப்படுவது இணையத்தின் வழியாக அந்த நிறுவனத்தின் கணிப்பொறிகளுக்குப் போகும். அங்கே பேச்சு எழுத்தாக மாற்றப்பட்டு, பதில் தயாரிக்கப்பட்டு, நொடிப்பொழுதில் திரும்பி வரும். இவ்வளவும் அழைத்தவரின் விருப்பப்படி நடந்தால் அதில் குறை சொல்ல அதிகம் இல்லை.

ஆனால், அழைத்ததாக அது தவறாக எண்ணிக்கொண்டால்? ஜெர்மனியில் போஹும் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் அவர்களுடைய சகாக்களும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய உதவியாளர்களைத் தவறாக எழுப்பிவிடும் சொற்றொடர்கள் ஆயிரத்துக்கும் மேல் இருப்பதாகக் கண்டார்கள். தொலைக்காட்சியில் யாரோ பேசும் சொல் போதும். வீட்டில் இருவர் வருந்திப் பேசும் சொல்லும் போதும். அந்தப் பெண்மணியின் பேச்சில் எந்தச் சொல் அந்தப் பெட்டியை எழுப்பியது என்பதை அல்லாஹ்வே அறிவான்.

கேட்டது இயந்திரம் மட்டும்தானா?

"கேட்பது இயந்திரம்தானே, மனிதன் அல்லவே!" என்று சிலர் ஆறுதல் சொல்லக்கூடும். 2019ஆம் ஆண்டு அந்த ஆறுதல் கலைந்தது.

அவ்வாண்டு ஏப்ரலில் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் ஒரு செய்தியை வெளியிட்டது. அலெக்ஸாவிடம் பேசப்பட்டவற்றில் ஒரு பகுதியை, அமேசானுக்காக வேலை செய்யும் மனிதர்கள் காதில் வைத்துக் கேட்டு எழுதித் திருத்துகிறார்கள் என்பதே அது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலும், கோஸ்டாரிகா, ருமேனியா ஆகிய நாடுகளிலும், நம் இந்தியாவிலும் அத்தகையோர் இருந்தனர். ஒரு பணி நேரத்தில் ஒருவர் ஆயிரம் பதிவுகள் வரை கேட்பதுண்டு என்று அச்செய்தி கூறியது.

அவ்வாண்டு ஜூலையில் பெல்ஜியத்தின் வி.ஆர்.டி. என்னும் ஒலிபரப்பு நிறுவனம், கூகுள் உதவியாளரின் பதிவுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைக் கேட்டுப் பார்த்தது. அவற்றில் 153 பதிவுகள், யாரும் அழைக்காத நேரத்தில் பதிவானவை. படுக்கையறைப் பேச்சும், பெற்றோர் பிள்ளைகளிடம் பேசியதும், தொழில் சம்பந்தமான தொலைபேசிப் பேச்சும் அவற்றில் இருந்தன. மொத்தப் பதிவுகளில் 0.2 சதவீதத்தை மட்டுமே மனிதர்கள் கேட்பதாகக் கூகுள் பதில் கூறியது. அதே மாதத்தில் இங்கிலாந்தின் கார்டியன் பத்திரிகை, சிரியின் பதிவுகளைக் கேட்கும் ஒப்பந்தப் பணியாளர்களின் காதில் நோயாளிகள் மருத்துவரிடம் பேசியதும், கணவன் மனைவியின் அந்தரங்கமும் விழுவதாக எழுதியது. ஆப்பிள் நிறுவனம் அந்த வேலையை நிறுத்திவைத்து, ஆகஸ்டில் மன்னிப்புக் கேட்டது. பயனாளர் சம்மதித்தால் மட்டுமே இனிக் கேட்போம் என்றது. சிரியைப் பற்றி அமெரிக்காவில் தொடரப்பட்ட ஒரு வழக்கை, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே, 2025 ஜனவரியில் 9.5 கோடி டாலர் தந்து முடித்துக்கொள்ள அது உடன்பட்டது.

இன்னொரு நிகழ்ச்சி. 2018 மே மாதத்தில் வெளிவந்தது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் கணவனும் மனைவியும் தம் வீட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சில் வந்த ஏதோ ஒரு சொல்லைத் தன் பெயரென்று எண்ணி எக்கோ பெட்டி விழித்துக்கொண்டது. அடுத்து வந்த சொற்களைச் 'செய்தி அனுப்பு' என்ற கட்டளையாக எடுத்துக்கொண்டது. அவர்கள் பேசியது முழுவதையும், கணவரின் கீழ் வேலை பார்த்த ஒருவருக்கு அனுப்பிவிட்டது. தகவல் பெற்றவர் தொலைபேசியில் கூப்பிட்டு எச்சரித்த பிறகே அவர்களுக்கு விஷயம் தெரிந்தது. இது நடந்ததை அமேசான் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அவர்கள் அன்று பேசியது வீட்டுக்குத் தரை போடுவதைப் பற்றி. வேறு எதையேனும் பேசியிருந்தால்?

பிள்ளைகளின் நிலை என்ன? பிள்ளைகளின் குரல் பதிவுகளைக் காலவரையின்றி வைத்திருந்ததாகவும், அழிக்கும்படி பெற்றோர் கேட்டும் முழுமையாக அழிக்கவில்லை என்றும் அமெரிக்க அரசு அமேசான் மீது 2023இல் குற்றஞ்சாட்டியது. அந்நிறுவனம் 2.5 கோடி டாலர் அபராதம் செலுத்த உடன்பட்டது.

இவற்றை எடுத்தெழுதுவது எந்த நிறுவனத்தையும் தூற்றுவதற்காக அன்று. யாரோ ஒருவன் இருட்டில் அமர்ந்து நம் வீட்டை ஒட்டுக் கேட்கிறான் என்று கற்பனை செய்து பயப்படவும் வேண்டாம். ஆதாரமில்லாத ஐயத்தையும் மார்க்கம் தடுத்திருக்கிறது. நடந்தது என்னவோ அதை மட்டும் அறிந்துகொள்வோம். அழைக்காமலும் அது விழிப்பதுண்டு. அனுப்பப்பட்ட பேச்சை மனிதர் கேட்டதும் உண்டு. இவ்விரண்டும் மெய்.

கதவைத் தட்டக் கற்றுத்தந்த மார்க்கம்

2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் நம் நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் ஒரே முடிவாக, அந்தரங்கம் மனிதனின் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். மகிழ்ச்சிக்குரிய தீர்ப்பு. ஆனால் நமக்கோ இது புதிய பாடமன்று. கதவுகூட இல்லாமல் திரை மட்டும் தொங்கிய வீடுகளின் காலத்திலேயே அல்லாஹ் தஆலா இதைச் சட்டமாக்கிவிட்டான்.

ஸூரத்துன் நூரின் 27, 28ஆம் வசனங்களைப் பாருங்கள். பிறர் வீட்டில் நுழையுமுன் அனுமதி கேட்க வேண்டும். வீட்டாருக்கு ஸலாம் சொல்ல வேண்டும். திரும்பிப் போகச் சொன்னால் முகம் கோணாமல் திரும்பிவிட வேண்டும். அதுவே தூய்மையானது என்ற கருத்து அங்கே அருளப்பட்டிருக்கிறது. மூன்று முறை அனுமதி கேட்டும் பதில் வராவிட்டால் திரும்பிவிடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள்.

ஒருமுறை நபியவர்களின் வீட்டுக் கதவிலிருந்த துவாரத்தின் வழியே ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். நபியவர்கள் கையில் தலைவாரும் கருவி ஒன்று இருந்தது. நீ பார்ப்பது முன்பே தெரிந்திருந்தால் இதனால் உன் கண்ணைக் குத்தியிருப்பேன் என்று அவர்கள் கண்டித்தார்கள். அனுமதி கேட்பது விதியாக்கப்பட்டதே பார்வையைக் காப்பதற்காகத்தான் என்றும் விளக்கினார்கள். ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்களின் அறிவிப்பாகப் புகாரியில் இது இடம்பெற்றிருக்கிறது. கால் உள்ளே வந்தால்தான் நுழைவு என்பதில்லை; கண் வந்தாலும் நுழைவுதான். அப்படியானால் செவி?

அதற்கும் பதில் இருக்கிறது. பிறர் விரும்பாத நிலையில் அவர்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பவனின் காதுகளில் கியாமத் நாளில் உருக்கிய ஈயம் ஊற்றப்படும் என்று நபியவர்கள் எச்சரித்திருப்பதை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இதுவும் புகாரியில் உள்ளது. ஸூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனமோ துருவித் துருவி ஆராய்வதையே தடுத்துவிட்டது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எடுத்தெழுதும் ஒரு நிகழ்ச்சி உண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் நகர்வலம் வரும்போது ஒரு வீட்டில் தகாத காரியம் நடப்பதை உணர்ந்து, சுவரேறி உள்ளே குதித்துக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். அந்த மனிதர் அஞ்சவில்லை. நான் ஒரு குற்றம் செய்தேன். தாங்களோ மூன்று செய்துவிட்டீர்கள் என்றார். துருவி ஆராயாதே என்றான் அல்லாஹ், தாங்கள் ஆராய்ந்தீர்கள். வீட்டுக்கு வாசல் வழியாக வா என்றான், தாங்கள் சுவரேறி வந்தீர்கள். அனுமதி கேட்டு ஸலாம் சொல்லி நுழை என்றான், தாங்கள் அதையும் செய்யவில்லை என்றார். நீதியின் சிகரமாகிய உமர் (ரலி) அவர்கள் அந்த வாதத்தை ஏற்று, இனி அப்படிச் செய்யமாட்டேன் என்று அவரிடம் உறுதி பெற்றுக்கொண்டு திரும்பிவிட்டார்கள். குற்றம் செய்தவன் வீட்டுக்கே இத்தனை காவல் என்றால், குற்றமற்ற பெண்கள் மனம் விட்டுப் பேசும் அறைக்கு எத்தனை காவல் வேண்டும்!

ஸூரத்துன் நூரின் 58ஆம் வசனம் இன்னும் ஆழமாகச் செல்கிறது. பஜ்ருக்கு முன்பும், நண்பகலில் மேலாடை களைந்து ஓய்வெடுக்கும் போதும், இஷாவுக்குப் பின்பும் ஆகிய மூன்று வேளைகளில், வீட்டிலேயே வளரும் சிறு பிள்ளைகளும் பணியாளரும் கூட அனுமதி கேட்டே உள்ளே வரவேண்டும் என்று அது விதிக்கிறது. நாம் பெற்ற பிள்ளைக்கே மூன்று வேளைகளில் கதவைத் தட்டச் சொல்லிக் கொடுக்கிறது மார்க்கம். பெயர் தெரியாத ஒரு செவியை மட்டும் இருபத்து நான்கு மணி நேரமும் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாமா?

ஒளிக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

சில இளைஞர்கள் வேறு விதமாக வாதிக்கிறார்கள். "நாங்கள் தப்பு ஒன்றும் பேசவில்லையே! அல்லாஹ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறான். மலக்குகள் எழுதிக்கொண்டுதானே இருக்கிறார்கள். இந்தப் பெட்டி கேட்டால் என்ன?" என்கிறார்கள்.

அல்லாஹ் கேட்கின்றான் என்பது உண்மை. நாம் உதிர்க்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கண்காணிப்பாளர் ஆயத்தமாக இருக்கிறார் என்ற ஸூரத்துல் காஃபின் எச்சரிக்கை ஈமான் கொண்ட நெஞ்சை நடுங்கச் செய்யக்கூடியது. ஆனால் தம்பிமார்களே, கேட்கின்ற அந்த இறைவன் நம் குறைகளை மறைப்பவனும் ஆவான். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவனுடைய குறையை இம்மையிலும் மறுமையிலும் அவன் மறைக்கின்றான் என்று நபியவர்கள் நற்செய்தி கூறியிருக்கிறார்கள். மலக்குகள் எழுதும் ஏடு கடைவீதிக்கு வருவதில்லை. அதைப் படித்து நமக்கு என்ன விற்கலாம் என்று அவர்கள் கணக்குப் போடுவதில்லை. படைத்தவனின் அறிவையும் வியாபாரியின் பதிவேட்டையும் ஒரே தட்டில் வைப்பது எப்படிப் பொருந்தும்?

இதைவிட முக்கியமான பதில் ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டில் பேசப்படுவதெல்லாம் உங்களுடைய பேச்சு அல்ல! உங்கள் மனைவி தன் உடல்நிலையைப் பற்றிச் சொன்னது அவருடையது. கடன்பட்ட மச்சான் தலைகுனிந்து சொன்னது அவருடையது. மகளின் வாழ்க்கையை எண்ணி அழுத தாய் சொன்னது அந்தத் தாயுடையது. அவர்கள் அதை உங்களிடம் ஒப்படைத்தார்கள், அவ்வளவுதான். ஒருவர் ஒன்றைச் சொல்லும்போது அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தால், அந்தப் பேச்சே அமானிதம் ஆகிவிடுகிறது என்று ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். இரகசியம் என்று வாய் திறந்து சொல்லக்கூட வேண்டியதில்லை. திரும்பிப் பார்த்த பார்வையே போதும்! கதவைச் சாத்திக்கொண்டு பேசியவரின் பேச்சு அமானிதமா இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது நபியவர்கள் அவர்களை ஒரு வேலையாக அனுப்பினார்கள். வீடு திரும்பத் தாமதமாயிற்று. என்ன வேலை என்று தாயார் கேட்டார்கள். அது இரகசியம் என்றார் சிறுவர். அந்தத் தாய் கோபிக்கவில்லை. நபியவர்களின் இரகசியத்தை யாரிடமும் சொல்லிவிடாதே என்று மகனுக்கு வலியுறுத்தினார்கள். சிறுவர் ஒருவர் கட்டிக்காத்த அமானிதத்தைப் பெரியவர்களாகிய நாம் ஒரு பெட்டியிடம் தோற்றுவிடலாமா?

தம் குரலைக் கொடுக்க ஒருவர் சம்மதிக்கலாம். அது அவருக்கு உரிமையான பொருள். அடுத்தவர் குரலைக் கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. பெட்டியை முதன்முதலில் இயக்கும்போது 'சம்மதம்' என்று பொத்தானை அழுத்தியவர் வளைகுடாவிலிருந்து வந்த பேரர். பாட்டியிடம் யாரும் கேட்கவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து வந்த பெண்மணியிடம் யாரும் கேட்கவில்லை. இந்த விஷயத்தின் வேரே இதுதான்.

இலவசத்தின் விலை

காசு வாங்காமல் ஒரு நிறுவனம் ஏன் இத்தனை உழைக்கிறது? பேச்சைப் புரிந்துகொள்ளும் இயந்திரத்திற்குப் பாடம் கற்பிக்க மனிதக் குரல்கள் ஏராளமாக வேண்டும். நாம் எதைக் கேட்கிறோம், எதை வாங்குகிறோம் என்று தெரிந்தால் விளம்பரமும் வியாபாரமும் எளிதாகும். ஆகவே நாம் காசு கொடுக்கவில்லையே தவிர, விலை கொடுக்காமல் இல்லை. விலை இன்னதென்று தெரிந்து, மனமொப்பிக் கொடுத்தால் அது வியாபாரம். தெரியாமல் கொடுத்தால் ஏமாற்றம். அடுத்தவர் பொருளை எடுத்துக் கொடுத்தால் அது அமானிதத்தில் மோசடி.

அமல் சம்பந்தமான இலவசச் செயலிகளிலும் இந்த விழிப்பு வேண்டும். தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் முஸ்லிம் ப்ரோ என்னும் செயலியை 2020இல் உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பயன்படுத்தினர். அவர்கள் இருக்குமிடம் பற்றிய விவரம் எக்ஸ்-மோட் என்னும் விவர வியாபார நிறுவனத்துக்குப் போவதாகவும், அந்த நிறுவனத்திடம் வாங்கியவர்களுள் அமெரிக்க இராணுவத்துக்கு வேலை செய்யும் ஒப்பந்தக்காரர்களும் இருப்பதாகவும் அவ்வாண்டு நவம்பரில் மதர்போர்டு என்னும் அமெரிக்கச் செய்தித்தளம் வெளியிட்டது. எக்ஸ்-மோட்டுடன் உறவை முறித்துக்கொள்வதாகச் செயலியின் உரிமையாளர்கள் உடனே அறிவித்தார்கள். வணக்கத்தலங்களுக்குப் போய்வருவது போன்ற நுட்பமான இட விவரங்களை விற்கக்கூடாது என்று 2024 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்த வியாபார நிறுவனத்துக்குத் தடை விதித்தது. கிப்லாவைத் தேடியவரின் இருப்பிடம் யார் கைக்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது! நம் ஊர்ப் பள்ளிவாசல் அச்சிட்டுத் தரும் தொழுகை நேர அட்டவணை சுவரில் தொங்குகிறது. அது நம்மைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்வதில்லை.

நிபந்தனைகள் என்றும் ஒரே மாதிரி இருக்கும் என்றும் நம்பிவிட வேண்டாம். அமேசானின் சில பெட்டிகளில், குரலை நிறுவனத்துக்கு அனுப்பாமல் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் வசதி ஒன்று இருந்தது. 2025 மார்ச் 28ஆம் தேதியோடு அது எடுக்கப்பட்டுவிட்டது. இன்று சம்மதித்த நிபந்தனை நாளை மாறலாம். மாற்றும் சாவி நம் கையில் இல்லை.

என்ன செய்யலாம்?

ஃபத்வாக் கொடுப்பது நம் தகுதிக்கு அப்பாற்பட்டது. ஐயமுள்ளோர் தம் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுவார்களாக. கண்ணிழந்தவருக்கும், கை கால் முடங்கியவருக்கும், எழுத்தறியாத முதியவருக்கும் உதவும் ஒரு கருவியை அடியோடு வெறுத்து ஒதுக்கச் சொல்ல நமக்குத் துணிவில்லை. வேலிக்குள் வைத்துப் பயன்படுத்த வேண்டும் என்பதே நம் கருத்து. அந்த வேலியை இப்படி அமைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, தேவை உண்டா என்று பாருங்கள். பாட்டுக் கேட்கவும் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கவும் மட்டும் என்றால், அதற்காக ஒரு செவியை வீட்டில் குடியேற்ற வேண்டாம்.

இரண்டாவது, இடம். படுக்கையறையிலும், பெண்கள் கூடிப் பேசும் அறையிலும் அதை வைக்கக்கூடாது. கைபேசியில் பெயர் சொல்லி அழைக்கும் வசதியை அணைத்துவிட்டு, வேண்டும்போது பொத்தானை அழுத்திப் பேசினால் போதும்.

மூன்றாவது, இத்தகைய பெட்டிகளில் மைக்கை அணைக்க ஒரு பொத்தானோ விசையோ இருக்கும். வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கும் பழக்கம் போல இதுவும் பழகிவிடும்.

நான்காவது, கைபேசியிலுள்ள செயலியில் பழைய பதிவுகளைப் பார்க்கவும் அழிக்கவும் இடம் இருக்கிறது. நம் குரலை மனிதர்கள் கேட்டுத் திருத்த அனுமதிப்பதா, வேண்டாமா என்ற கேள்வியும் அங்கேதான் இருக்கும். வீட்டிலுள்ள இளைஞர்கள் மாதம் ஒருமுறை அதைத் திறந்து பார்த்து, அனுமதியை அணைத்து, பதிவுகளை அழித்து, பெரியவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கட்டும். பதிவை அழிக்கும்போது வீட்டார் பேசியதைப் போட்டுக் கேட்க வேண்டாம். மேலே சொன்ன ஈயத்தின் எச்சரிக்கை நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று. நம் காதுக்கும் உரியது.

ஐந்தாவது, பிள்ளைகள். பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் விவரங்களைத் திரட்டப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று 2023இல் இயற்றப்பட்ட நம் நாட்டுச் சட்டமும் சொல்கிறது. சட்டம் காப்பதற்கு முன் தாய் தகப்பன் காக்க வேண்டும்.

ஆறாவது, விருந்தினர். வீட்டில் இப்படி ஒன்று இருக்கிறது என்று வந்தவரிடம் சொல்லிவிடுங்கள். அல்லது அவர் உட்காருமுன் அணைத்துவிடுங்கள். வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பதும் விருந்தோம்பல். அவர் சொல்லைக் காப்பதும் விருந்தோம்பல்.

இவற்றை நண்பரிடம் சொன்னோம். அவர் அன்றிரவே செயலியைத் திறந்து பார்த்திருக்கிறார். அந்தப் பெண்மணி வந்த நாளின் பிற்பகல் நேரத்தில் ஒரு பதிவு இருந்தது. அழுத்தினால் கேட்டிருக்கலாம். "கேட்காமலேயே அழித்துவிட்டேன்" என்றார். அவருடைய தாயார் மறுநாள் அந்தப் பெண்மணியின் வீட்டுக்கே போய், நடந்ததை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறார். "நீ என்னை நம்பி வந்தே, நான்தான் கவனிக்காமப் போயிட்டேன்" என்றாராம். மீதிப் பேச்சு அங்கே நடந்ததா இல்லையா என்று நாம் கேட்கவில்லை. அது அவ்விருவருக்கும் இடையிலுள்ள அமானிதம்.

பெட்டி இப்போது அறையில் இல்லை. முன்கூடத்தில், பெரியவரின் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மைக்கை அணைக்கும் பொத்தான் எது என்று விரலால் தடவிப் பார்த்துப் பழகிக்கொண்டார். ஓதல் கேட்டு முடிந்ததும் அவரே அணைத்துவிடுகிறார். யாராவது வாசலில் ஸலாம் சொன்னால், பதில் ஸலாம் சொல்வதற்கு முன்பே அவர் கை அந்தப் பொத்தானைத் தேடிப் போகிறது என்று நண்பர் சொன்னார். பார்வை போன கைக்கு இருக்கும் இந்தக் கவனம், பார்வையுள்ள நமக்கும் வரவேண்டாமா?

வல்ல நாயனே! எங்கள் நாவுகளைத் தீய பேச்சிலிருந்தும், எங்கள் செவிகளைப் பிறர் இரகசியத்திலிருந்தும், எங்கள் வீடுகளை அமானித மோசடியிலிருந்தும் காத்தருள்வாயாக! எங்களை நம்பி வந்தோரின் குறைகளை மறைக்கும் மனத்தைத் தந்து, எங்கள் குறைகளை மஹ்ஷரில் மறைத்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.